ஓதத்துக்கு பெயின்ட் மருந்தில்லை

திசையன்விளையில எங்க ஆச்சி வீடு, சுண்ணாம்புக் காரையில கட்டின பழைய வீடு. ஐப்பசி, கார்த்திகைன்னா வாடைக்காத்தோட மழை கிழக்குச் சுவரில் அறையும். உள்ளே ஓதம், பூஞ்சணம், ஆச்சிக்கு இளைப்பு.

தரையிலிருந்து ஏறினால் நிலத்து ஈரம். மழை பெய்ததும் சுவர் நடுவில் திட்டாகத் தெரிந்தால், வெளியிலிருந்து வரும் தண்ணீர். காற்றின் ஈரமோன்னு சந்தேகமா? அலுமினியத் தாளைச் சுவரில் ஓரம் முழுக்க ஒட்டி ஒருநாள் விடுங்க. நம்ம பக்கம் நனைஞ்சா காற்று. சுவர்ப் பக்கம் நனைஞ்சா சுவர்.

எங்க வீட்டில் சன்ஷேடுக்கு மேலே விரிசல். கொத்தனார் சுண்ணாம்புக் காரையாலேயே அடைத்தார். சிமெண்ட் பூசினால் சுவருக்குள் இருக்கும் ஈரம் வெளியேறாது. கோடையில் நல்லா காயட்டும், வெள்ளையடிப்பு அப்புறம்தான்.