பிரம்பு போயிற்று, வாசலில் நிறுத்துவது போகவில்லை

(மயிலாப்பூர் பெற்றோர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



பள்ளியில் பிரம்படி கூடாதென்று தமிழக அரசு 2003-லேயே விதியைத் திருத்திவிட்டது. 2009-ம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 17-வது பிரிவு, அடியை மட்டுமல்ல, மனத்தைத் துன்புறுத்துவதையும் தடை செய்கிறது. நல்லது. ஆனால் சம்பளப் பாக்கிக்காகக் குழந்தையை வகுப்புக்கு வெளியே நிறுத்துகிறார்களே, அதற்குப் பெயர் என்ன?

நானும் அப்படி நின்றவன்தான். ஏழாம் வகுப்பு. அப்பாவின் கம்பெனியில் கதவடைப்பு. என்ன காரணம் என்று ஆசிரியர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. பாக்கி வைத்தவர் அப்பா, தண்டனை எனக்கு! (அந்த ஆசிரியருக்கும் மாதச் சம்பளம் ஒழுங்காக வராது என்பது வேறு கதை.)

மாநகராட்சிப் பள்ளியில் மேலாண்மைக் குழு உண்டு. அதில் முக்கால் பங்கு பெற்றோர், பாதிப்பேர் பெண்கள். அங்கே போய்க் கேட்கலாம். தி. நகரிலும் அடையாற்றிலும் உள்ள சுயநிதிப் பள்ளிகளுக்குச் சட்டம் இந்தக் குழுவைக் கட்டாயமாக்கவில்லை. அங்கே தாளாளர் வைத்ததே சட்டம். சம்பளப் பாக்கியை மாற்றுச் சான்றிதழில் எழுதக் கூடாதென்று 2024-ல் சென்னை உயர் நீதிமன்றமே சொல்லவேண்டி வந்தது!

தவறு செய்த மாணவனைக் கண்டிக்கவே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. முதலில் அவன் சொல்வதைக் கேளுங்கள். குற்றம் என்னவென்று எழுத்தில் கொடுங்கள். டாக்டர் மகனுக்கும் டிரைவர் மகனுக்கும் ஒரே தண்டனை என்று வையுங்கள். இதைத்தான் மனுவாக எழுதி, அடுத்த வாரம் ஒவ்வொரு தாளாளரிடமும் கொடுக்கப் போகிறோம். கையெழுத்துத் தாள் பின்வரிசையில் இருக்கிறது.