அவெஸ்தாவும் தென்னாட்டுச் சான்றுகளும்



ஜொராஸ்டிரிய சமயத்தைப் பற்றிப் பேச மைசூரில் ஏன் கூடவேண்டும் என்று சிலர் கேட்டார்கள். பார்சிகள் வாழும் மும்பையிலோ நவ்சாரியிலோ நடக்கவேண்டிய கூட்டம் இது என்பது அவர்கள் எண்ணம். அந்தக் கேள்விக்கு விடை சொல்வதையே இந்த உரையின் வேலையாக எடுத்துக்கொள்கிறேன்.

யாதவகிரியில் இருந்த ஐடியல் ஜாவா தொழிற்சாலையை இந்த ஊர்க்காரர்களுக்கு நான் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. ஈரானி குடும்பத்தார் 1960களின் தொடக்கத்தில் நிறுவி, முதலில் ஜாவா என்றும் 1973 முதல் யெஸ்டி என்றும் மோட்டார் சைக்கிள்களை அனுப்பிக்கொண்டிருந்த இடம் அது. 1996இல் மூடப்பட்டது. யெஸ்டி என்று கேட்டதும் எனக்கு நினைவுக்கு வருவது நடு ஈரானில் இருக்கும் யஸ்து நகரம்தான். அரபுப் படையெடுப்புக்குப் பின்னர் ஈரானிலேயே தங்கிவிட்ட ஜொராஸ்டிரியர்கள் யஸ்திலும் கெர்மானிலும்தான் ஒதுங்கி வாழ்ந்தார்கள். 1854இல் மும்பைப் பார்சிகளின் தூதராக அங்கே போன மானெக்ஜி லிம்ஜி ஹதாரியா அவர்களுடைய வறுமையைக் கண்டு, முஸ்லிம் அல்லாதவர் என்பதால் அவர்கள் மீதிருந்த ஜிஸ்யா வரியை நீக்கப் பல ஆண்டுகள் மன்றாடினார். 1882இல் அது நீங்கியது. இந்தப் பகுதிகளிலிருந்து பத்தொன்பதாம் நூற்றாண்டில் புறப்பட்டு வந்தவர்களைத்தான் நாம் ஈரானிகள் என்கிறோம். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே குஜராத்தில் குடியேறியவர்கள் பார்சிகள். நெறி ஒன்றுதான், வந்த காலம் வேறு.

நவ்சாரியில் புரோகிதர் குடும்பமொன்றில் 1839இல் பிறந்த ஜாம்ஷெட்ஜி டாட்டாவுக்கும் மைசூர் அரசுக்கும் இருந்த உறவை எல்லோரும் அறிவீர்கள். அவர் கனவு கண்ட இந்திய அறிவியல் கழகத்துக்கு மைசூர் அரசு பெங்களூரில் 371 ஏக்கர் நிலம் கொடுத்தது. இவையெல்லாம் பெருமைக்குரியவைதாம். ஆனால் பார்சிகளைத் தொழிலதிபர்களாகவும் கொடையாளர்களாகவும் மட்டும் பார்க்கப் பழகிவிட்ட நாம், அவர்களுடைய வேதமான அவெஸ்தாவைப் படிக்க மறந்துவிட்டோம். என் மனக்குறை அதுதான்.

அவெஸ்தாவின் நடுவில் பதினேழு பாடல்கள் இருக்கின்றன. காதாக்கள் என்று பெயர். எல்லாம் சேர்ந்து ஏறத்தாழ 240 செய்யுள்கள்தாம். யஸ்னா என்னும் 72 அதிகார வழிபாட்டு நூலுக்குள் இவை பொதிந்து கிடந்ததால், மற்றப் பகுதிகளைவிட இவற்றின் மொழி பழையது என்பதே நெடுங்காலம் தெரியவில்லை. புனாவில் சமஸ்கிருதப் பேராசிரியராக இருந்த மார்ட்டின் ஹௌக் 1860களில் இவற்றைப் பிரித்துக் காட்டி, இச்சமயத்தை நிறுவிய ஜரதுஷ்டிரரின் சொந்தச் சொற்கள் இவை என்று வாதிட்டார். ரிக்வேதம் படித்தவர் யாரும் ஒருசில வாரங்களில் காதாவின் இலக்கணத்துக்குள் நுழைந்துவிடலாம். யக்ஞம் அவெஸ்தாவில் யஸ்னா, சோமம் அங்கே ஹவோமா, ருதம் என்னும் உலக ஒழுங்கு அங்கே அஷா.

ஜரதுஷ்டிரர் எக்காலத்தவர்? அலெக்சாந்தருக்கு 258 ஆண்டுகள் முந்தியவர் என்பது அச்சமயத்தின் மரபுக் கணக்கு. அதன்படி அவர் கி.மு. ஆறாம் நூற்றாண்டினர், ஏறக்குறைய புத்தர் காலத்தவர். என்னால் இதை ஏற்க முடியவில்லை. காதாக்களில் பாரசீகர் இல்லை, மேதியர் இல்லை, நகரம் இல்லை, நாணயம் இல்லை. இருப்பது மாடும் மேய்ச்சல் நிலமும் கொள்ளையர் பயமும். யஸ்னாவின் 29ஆம் அதிகாரத்தில் பசுவின் உயிரே வாய்திறந்து, என்னை ஏன் படைத்தீர்கள், என்னைக் காப்பவர் யார் என்று முறையிடுகிறது. அதற்குக் காவலராகக் காட்டப்படுபவர் ஜரதுஷ்டிரர். இந்த உலகமும் இந்த மொழியும் கி.மு. 1000க்கு முன்னையவை என்று கொள்வதே பொருத்தம்.

தேவர், அசுரர் என்ற சொற்கள் ஈரானில் தலைகீழாக மாறிய கதையை நம் மேடைகளில் விருப்பத்தோடு சொல்வார்கள். ஒரே குடி இரண்டாகப் பிளந்து ஒருவர் தெய்வத்தை மற்றவர் பேயாக்கினார் என்பது ஹௌக் காலத்துக் கருத்து. ஆனால் பழைய ரிக்வேதப் பாடல்களில் வருணனே அசுரன் என்று போற்றப்படுகிறான். ஆகவே அது ஒரே நாளில் நடந்த சண்டை அல்ல, இரு பக்கமும் நூற்றாண்டுக் கணக்கில் மெல்ல நிகழ்ந்த மாற்றம். அசுரர் என்றதும் திராவிடர் என்றும் ஆரியர் என்றும் கட்சி கட்டும் அவசரம் இந்த அரங்குக்குள் வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இனி கொள்கை. நல்லது, கெட்டது என இரு கடவுளரை நம்பும் சமயம் என்று பாடப்புத்தகங்கள் எழுதிவிடுகின்றன. பிற்கால நூல்களில் ஓர்மஸ்து என்னும் நல்ல கடவுளுக்கும் அஹ்ரிமன் என்னும் தீயவனுக்கும் நடக்கும் போர் அவ்வாறு தோன்றும். காதாவோ, பின்னர் ஓர்மஸ்து என்று அழைக்கப்பட்ட அஹுரா மஸ்தா ஒருவரையே வணங்குகிறது. 30ஆம் அதிகாரத்தில் இரட்டையராகப் பிறந்த இரு மனநிலைகள் வருகின்றன. எண்ணத்திலும் சொல்லிலும் செயலிலும் ஒன்று நல்லதைத் தேர்ந்தது, மற்றது தீயதைத் தேர்ந்தது. கேட்பவர் ஒவ்வொருவரும், ஆணும் பெண்ணும், தத்தமக்காகத் தேர்ந்துகொள்ள வேண்டும். ஊழ் இல்லை, முற்பிறவி வினை இல்லை. சாவுக்குப் பின் தீர்ப்பு நடக்கும் சின்வத் பாலத்தில் நிற்கும்போது துணைக்கு வருவது தான் தேர்ந்து செய்தது மட்டும். துறவியைத் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடும் நம் மண்ணிலிருந்து பார்க்கும்போது இன்னொன்று பளிச்சென்று தெரிகிறது: இந்தச் சமயத்தில் துறவு அறம் அல்ல. உடலும் வயலும் கால்நடையும் நல்ல படைப்புகள். உண்ணாதிருப்பதும் மணவாதிருப்பதும் தீமைக்கு இடம் கொடுப்பதாகும். உலகம் கடைசியில் அழிவதில்லை, பழுது நீங்கிப் புதிதாகிறது.

நெருப்பை வணங்குகிறவர்கள் என்ற ஏளனத்தைப் பார்சிகள் நீண்டகாலமாகச் சுமந்திருக்கிறார்கள். ஆதஷ் பெஹ்ராம் என்னும் உயர்ந்த படிநிலை நெருப்பை எப்படி நிறுவுகிறார்கள் என்று பார்த்தால் அந்த ஏளனம் எவ்வளவு அறியாமை என்பது புரியும். பதினாறு இடத்து நெருப்பு வேண்டும். குயவர் சூளை, செங்கல் காளவாய், பொற்கொல்லர் உலை, கொல்லர் பட்டறை, சாயக்காரர் அடுப்பு, ரொட்டி சுடுபவர் அடுப்பு, இடையர் மூட்டிய தீ, இடி விழுந்து பற்றிய தீ முதலியவை, இவற்றோடு பிணம் எரிந்த தீ. பிணத்தீயைச் சுத்தி செய்யும் முறையைக் கேளுங்கள். துளைகள் உள்ள கரண்டியில் சந்தனத்தூளும் சிராய்களும் வைத்து, தீயைத் தொடாமல் சற்று மேலே பிடிப்பார்கள். சூட்டிலேயே சந்தனம் பற்றிக்கொள்ளும். அந்தப் புதுத் தீயின் மேல் மீண்டும் ஒரு கரண்டி. இப்படி 91 முறை. அதற்குப் பின்பே அது மற்றப் பதினைந்தோடு சேரத் தகும். மிகவும் தீட்டுப்பட்டதைத் தள்ளிவிடாமல், உழைத்துத் தூய்மையாக்கிச் சேர்த்துக்கொள்ளும் இந்தச் சடங்கைவிட அச்சமயத்தின் உள்ளத்தைக் காட்டும் உரைநூல் எதுவும் எனக்குத் தெரியவில்லை.

இதையெல்லாம் நுணுக்கமாக எழுதிவைத்தவர் ஜீவன்ஜி ஜாம்ஷெட்ஜி மோதி. அவர் புரோகிதர், அறிஞரும்கூட. 1926இல் அலகாபாத்தில் அனைத்திந்தியக் கீழ்த்திசை மாநாட்டுக்குத் தலைமை ஏற்றவர். ஒன்பது ஆண்டுகள் கழித்து அதே மாநாடு இந்த மைசூரில் கூடியது. வேதத்துக்குப் பக்கத்தில் அவெஸ்தாவுக்கும் நாற்காலி போட்ட தலைமுறை அது.

வரலாற்றைச் சுருக்கமாகவே தொடுகிறேன். பண்டைய பாரசீகத்தை ஆண்ட அகேமனிய அரசர்கள் அஹுரா மஸ்தாவைக் கல்வெட்டில் போற்றினார்கள். கி.பி. 224 முதல் 651 வரை ஆண்ட சாசானியர் இதை அரச சமயமாக்கினார்கள். அதுவரை வாய்வழியாகவே வந்த அவெஸ்தாவுக்கென்று ஐம்பதுக்கு மேற்பட்ட எழுத்துகள் கொண்ட நெடுங்கணக்கும் அவர்கள் காலத்தில்தான் உருவானது. ஒலி ஒன்றுகூடப் பிசகக்கூடாது என்ற கவலையில் பிறந்த எழுத்து அது. அரபு வெற்றிக்குப் பின் ஒரு கூட்டம் கடல் கடந்து குஜராத்தின் சஞ்சானில் இறங்கியதைக் கிஸ்ஸா-இ-சஞ்சான் என்னும் நூல் பாடுகிறது. அதை பஹ்மன் கைகோபாத் இயற்றியது 1599இல். பாலில் கரைந்த சர்க்கரையாக இருப்போம் என்று வந்தவர்கள் உள்ளூர் அரசனுக்குச் சொன்ன கதை எல்லோருக்கும் பிடிக்கும், எனக்கும் பிடிக்கும். ஆனால் அது கிஸ்ஸாவில் இல்லை. மக்கள் நினைவை அதற்குரிய இடத்தில் வைத்து மதிப்போம், சான்றாக எடுக்க வேண்டாம்.

சான்று என்று வரும்போது தெற்கே பார்க்கவேண்டும். வேணாட்டு ஆட்சியாளர் அய்யனடிகள் திருவடிகள், சேரன் தாணு இரவியின் ஐந்தாம் ஆட்சியாண்டில், அதாவது 849இல், கொல்லத்துத் தரிசாப்பள்ளி என்னும் கிறித்தவத் தேவாலயத்துக்குக் கொடுத்த செப்பேடுகளை எண்ணிப் பாருங்கள். வட்டெழுத்தில், தமிழறிந்தவர் தடுமாறாமல் பின்தொடரக்கூடிய மொழியில் உள்ளது சாசனம். கடைசி ஏட்டில் சாட்சிகள் கையெழுத்திட்டிருக்கிறார்கள்: சிலர் கூஃபி அரபு எழுத்தில், சிலர் பகலவி என்னும் நடுப் பாரசீக எழுத்தில், சிலர் எபிரேய எழுத்தில் பாரசீகமாக. பகலவிக் கையெழுத்துக்காரர்களில் ஜொராஸ்டிரியர்களும் உண்டு என்று அறிஞர்கள் வாசித்திருக்கிறார்கள். மும்பைக்கு அருகே கன்ஹேரிக் குகையில் பார்சிகள் பகலவியில் பெயர் பொறித்தது 1009இல். கொல்லம் அதற்கு 160 ஆண்டு முந்தியது. கிஸ்ஸாவுக்கு 750 ஆண்டு முந்தியது. அகதிகள் வந்த கதைக்குப் பக்கத்தில், வணிகம் செய்து சாட்சிக் கையெழுத்துப் போடும் அளவுக்கு நம் துறைமுகத்தில் மதிப்போடு இருந்தவர்களின் கதையும் எழுதப்படவேண்டும்.

எச்சரிக்கையும் சொல்லவேண்டும். பகலவி எழுத்து இருந்தாலே ஜொராஸ்டிரியம் ஆகிவிடாது. சென்னைப் பரங்கிமலையில் 1547இல் கிடைத்த சிலுவையைச் சுற்றிலும் பகலவிதான் பொறித்திருக்கிறது, பொறித்தவர்கள் பாரசீகக் கிறித்தவர்கள். இந்த வேறுபாட்டைப் பிரித்தறியப் பகலவி வாசிக்கத் தெரிந்தவர் வேண்டும். இந்தியத் தொல்லியல் துறையின் கல்வெட்டுப் பிரிவு இந்த ஊரில் இருக்கிறது. தஞ்சைப் பகுதிப் பண்டிதர் ஒருவர் கொடுத்த ஓலைச்சுவடியிலிருந்து அர்த்தசாஸ்திரத்தை ஷாமசாஸ்திரி 1909இல் பதிப்பித்ததும் இந்த ஊர்தான். வட்டெழுத்தும் கிரந்தமும் தெரிந்த மாணவர்கள் இங்கே இருக்கிறார்கள். அவர்களுக்குப் பகலவியும் அவெஸ்தாவும் கற்றுக்கொடுக்க ஓர் ஆசிரியர் வேண்டும். யஸ்னாவின் மிகப் பழைய இரு கையெழுத்துப்படிகள் 1323இல் குஜராத்தின் கம்பாத்தில் மிஹ்ரபான் என்னும் புரோகிதர் படியெடுத்தவை. இன்று ஒன்று கோபன்ஹேகனில், மற்றொன்று ஆக்ஸ்ஃபோர்டில். இந்திய மண்ணில் எழுதிய அந்த மூலப்படிகளை நேரில் பார்க்க இந்திய மாணவன் ஐரோப்பாவுக்குப் போகவேண்டியிருக்கிறது.

காலமும் நமக்காகக் காத்திருக்காது. 1941 கணக்கெடுப்பில் இந்தியப் பார்சிகள் 1,14,890 பேர். 2001இல் 69,601. 2011இல் 57,264. எண்ணிக்கை இறங்க இறங்க, யஸ்னா முழுவதையும் மனப்பாடமாக ஓதும் புரோகிதர்களும் குறைகிறார்கள். மாட்டுக்குப் போட்ட டைக்ளோஃபெனாக் மருந்தால் பிணந்தின்னிக் கழுகுகள் மடிந்து, தக்மா என்னும் கோபுரத்தில் பிணத்தைக் கழுகுகளுக்கு விடும் அவர்களுடைய ஈமமுறையே தடுமாறுகிறது. சென்னை ராயபுரத்தில், மறைந்த மகன் ஜாலின் நினைவாக ஃபிரோஜ் கிளப்வாலா 1910இல் கட்டிய தமிழகத்தின் ஒரே பார்சி ஆலயத்தில் அன்று ஏற்றிய நெருப்பை இன்னும் ஐந்து வேளையும் பேணுகிறார்கள். உள்ளே நுழையப் பார்சி அல்லாதவர்களுக்கு அனுமதி இல்லை. அதை மதிக்கவேண்டும். ஆனால் ஓதுவதைப் பதிவு செய்யவும், குடும்பங்களில் இருக்கும் குஜராத்திக் குறிப்பேடுகளைப் படமெடுக்கவும் அவர்களோடு உட்கார்ந்து பேசலாம். பேச அவர்கள் தயாராகவே இருக்கிறார்கள், கேட்க நாம்தான் போகவில்லை.

இரு வேண்டுகோள்களை நிறைவு நாள் அமர்வுக்கு முன்வைக்கிறேன். தென்னகப் பல்கலைக்கழகம் ஒன்றிலேனும் அவெஸ்தாவுக்கும் பகலவிக்கும் ஓராண்டுச் சான்றிதழ்ப் படிப்பு தொடங்க இந்த அவை கோரவேண்டும். கொல்லம் செப்பேட்டின் சாட்சிப் பக்கத்தையும் பரங்கிமலைப் பொறிப்பையும் புதிதாகப் படமெடுத்து, வாசிப்பு வேறுபாடுகளோடு தமிழிலும் மலையாளத்திலும் கன்னடத்திலும் வெளியிட ஒரு குழு அமைக்கவேண்டும். குழுவில் புரோகிதர் ஒருவரும் இருக்கட்டும்.

முதல் அமர்வு காதாக்களின் யாப்பையும் ரிக்வேத யாப்பையும் ஒப்பிடுவது. கட்டுரையாளர் மேடைக்கு வரலாம். கருத்தரங்கைத் தொடங்கிவைக்கிறேன்.