கிர்க்பிக்குப் போன ஆசிரியர்கள், தோட்டத்துக்கு வராத ஆசிரியர்கள்

(ஈப்போவில் தோட்டப்புறப் பெற்றோர்களிடம் ஆற்றிய உரை)



வழக்கறிஞர் மேடை ஏறினால் நிலம், இழப்பீடு, பிறப்புப் பத்திரம் என்றுதான் பேசுவார் என்று நினைத்திருப்பீர்கள். இன்று நான் பேச வந்தது ஆசிரியர்களைப் பற்றி.

1951-இல் மலாயா அரசு இங்கிலாந்தில், லிவர்பூல் நகருக்குப் பக்கத்தில் கிர்க்பி என்ற ஊரில் ஓர் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியை அமைத்தது. போர்க்கால வெடிமருந்துத் தொழிற்சாலையின் தொழிலாளர் விடுதிதான் கல்லூரிக் கட்டடம். மலாய், சீன, இந்திய இளைஞர்கள் கடல் கடந்து போய் இரண்டாண்டு படித்தார்கள். 1956 பிப்ரவரியில் துங்கு அப்துல் ரஹ்மான் நம் சுதந்திர நாளை அறிவித்ததும் இந்தக் கல்லூரியில்தான். 1962-இல் அது மூடப்பட்டது.

படிப்பின் ஒரு பகுதி பயிற்றுப்பணி. லிவர்பூல் வட்டாரப் பள்ளிகளில் ஆங்கிலப் பிள்ளைகளுக்கு முன்னால் நின்று பாடம் நடத்த வேண்டும். கொஞ்சம் எண்ணிப் பாருங்கள். இங்கே தோட்டத்துத் துரை வந்தால் நம் தாத்தா ஒதுங்கி நின்ற காலம் அது. அங்கேயோ நம் நாட்டுப் பிள்ளை, துரையின் நாட்டுப் பிள்ளைகளுக்கு ஆசிரியராக நின்றது!

லிவர்பூல் ஒரு துறைமுகம். கப்பல் சரக்கு இறக்குபவர்களும் ஆலைத் தொழிலாளர்களும் நிறைந்த ஊர். அந்தத் தொழிலாளியின் பிள்ளைக்கும் இடைநிலைக் கல்வி இலவசம் என்று அந்நாட்டின் 1944-ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம் சொன்னது. 1947 முதல் 15 வயது வரை பள்ளிக்குப் போவது கட்டாயம். இதெல்லாம் முதலாளி போட்ட பிச்சையா? இல்லை, சட்டம் கொடுத்த உரிமை.

அதே வெள்ளைக்காரன் ஆண்ட நம் தோட்டத்தில் என்ன நடந்தது? 1912-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டப்படி, 7 முதல் 14 வயதுக்குள் பத்துப் பிள்ளைகள் இருந்தால் தோட்ட நிர்வாகம் பள்ளி வைக்க வேண்டும். பள்ளியும் வந்தது. ஆசிரியர் யார்? பல தோட்டங்களில் கிராணிதான் வாத்தியார். சில இடங்களில் எழுதப் படிக்கத் தெரிந்த ஒரு தொழிலாளி. அவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். பயிற்சியும் இல்லாமல், புத்தகமும் போதாமல், அவர்கள் ஏற்றிய விளக்கில்தான் நம் தாய்மொழி பிழைத்தது. குற்றம் அவர்களை அப்படி விட்டவர்கள் மீது.

மலாய்ப் பள்ளி ஆசிரியர்களுக்காக நம் பேராக்கிலேயே, தஞ்சோங் மாலிமில், 1922-இல் சுல்தான் இட்ரிஸ் பயிற்சிக் கல்லூரி வந்தது. நல்ல காரியம். ஆங்கிலப் பள்ளிகளுக்காகக் கிர்க்பி வந்தது. அதுவும் நல்ல காரியமே. ஆனால் கிர்க்பியில் தேர்ந்து வந்தவர்கள் பெரும்பாலும் ஆங்கிலப் பள்ளிகளுக்குப் போனார்கள். லயத்துப் பிள்ளைக்கு அந்த ஆசிரியர் கிடைக்கவில்லை. லிவர்பூல் தொழிலாளியின் பிள்ளைக்குக் கிடைத்தவர், ரப்பர் மரம் வெட்டிய தொழிலாளியின் பிள்ளைக்குக் கிடைக்கவில்லை!

இன்று நிலைமை மாறியிருக்கிறது. தமிழ்ப்பள்ளி ஆசிரியர்களும் முறையாகப் பயிற்சி பெற்று வருகிறார்கள். ஆனால் 1957-இல் 888 ஆக இருந்த தமிழ்ப்பள்ளிகள் இன்று ஏறத்தாழ 530 மட்டுமே. தோட்டங்கள் துண்டாடப்பட்டன, செம்பனைக்கு மாறின, வீடமைப்புத் திட்டங்களாயின. மக்கள் ஈப்போ போன்ற நகரங்களுக்கு வந்துவிட்டார்கள். பல பள்ளிகள் பிள்ளைகள் இல்லாத தோட்டத்திலேயே நிற்கின்றன. மாணவர் குறைந்தால் இரண்டு ஆண்டுப் பிள்ளைகளை ஒரே வகுப்பில் சேர்க்கிறார்கள். எவ்வளவு நல்ல ஆசிரியராக இருந்தாலும் அவருக்கு இது பெரிய சுமை.

சட்டம் நமக்கு என்ன தருகிறது? கூட்டரசு அரசியலமைப்பின் 152-ஆவது பிரிவு, தாய்மொழியைக் கற்கவோ கற்பிக்கவோ யாரையும் தடுக்கக் கூடாது என்கிறது. தாய்மொழிப் பள்ளிகள் அரசியலமைப்புக்கு முரணானவை என்று தொடுத்த வழக்கை 2021-இல் உயர் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. 2023-இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதையே உறுதி செய்தது. உங்கள் பிள்ளை தேசியப் பள்ளியில் படித்தாலும் உரிமை உண்டு. பதினைந்து மாணவர்களின் பெற்றோர் கேட்டால் அங்கே தமிழ் மொழி வகுப்புக்கு வசதி செய்ய வேண்டும் என்கிறது 1996-ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம். பதினைந்து கையெழுத்து, அவ்வளவுதான். நம் ஒரு தாமானில் பதினைந்து பெற்றோர் இல்லையா?

ஆகவே நான் கேட்பது மூன்று. ஒன்று, பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்துக்குப் போங்கள். எத்தனை ஆசிரியர் பணியிடம் காலி, பள்ளி நிலம் யார் பெயரில் இருக்கிறது என்று கேளுங்கள். பதில் வராவிட்டால் மாவட்டக் கல்வி அலுவலகத்துக்குக் கடிதமாக எழுதுங்கள், ஒரு பிரதியைக் கையில் வைத்துக் கொள்ளுங்கள். வாயால் கேட்டது காற்றோடு போகும், எழுத்தில் கேட்டது கோப்பில் நிற்கும்.

இரண்டு, உங்கள் பள்ளிக்குப் பயிற்றுப்பணிக்கு ஒரு பயிற்சி ஆசிரியர் வந்தால் அவரை அந்நியராக நடத்தாதீர்கள். நம் பிள்ளைகளின் வீடு எப்படிப்பட்டது, அப்பா எத்தனை மணிக்கு வேலைக்குப் போகிறார் என்பதை அவருக்குச் சொல்லுங்கள். இதைப் புரிந்துகொண்ட ஆசிரியர்தான் வீட்டுப்பாடம் செய்யாத பிள்ளையை அடிக்காமல், ஏன் என்று கேட்பார்.

மூன்று, எஸ்.பி.எம். நன்றாக எழுதிய மகனோ மகளோ வீட்டில் இருந்தால் ஆசிரியர் பயிற்சிக்கு விண்ணப்பிக்கச் சொல்லுங்கள். விண்ணப்பம் நிரப்பத் தெரியவில்லையா? கூட்டம் முடிந்ததும் பின்வரிசை மேசைக்கு வாருங்கள், எங்கள் இளைஞர்கள் உட்கார்ந்து நிரப்பித் தருவார்கள்.