கரண்ட் திரும்பிய முதல் நிமிடம்



ஏப்ரல், மே மாதங்களில் பெங்களூரில் மாம்பழ மழை இறங்கும்போது, காற்றில் ஒரு கிளை முறிந்து கம்பியில் விழுந்தால் போதும், அந்த வட்டாரத்துக்கே கரண்ட் போய்விடும். காக்ஸ் டவுனுக்கும் கம்மனஹள்ளிக்கும் நடுவே இருக்கும் லிங்கராஜபுரமும் இதற்கு விலக்கல்ல. இங்கே வீட்டு மாடிகளிலும் கடைகளின் பின்னறைகளிலும் சின்னச் சின்ன அலுவலகங்கள் உண்டு. கணக்கு எழுதுகிறவர்கள், டாக்டர் கிளினிக், டிடிபி கடை, டியூஷன் சென்டர். இப்படிப்பட்ட இடங்களில் மேசைக்கு அடியில் மானிட்டர் இல்லாமல் ஒரு கணினிப் பெட்டி கிடப்பது வழக்கம். பில்களும் பதிவேடுகளும் அதில்தான் இருக்கும். மற்ற கணினிகள் அதைக் கேட்டுத்தான் வேலை செய்யும். கரண்ட் திரும்புகிறது. ஃபேன் சுழல்கிறது, அந்தப் பெட்டியும் தானாகவே உயிர்பெறுகிறது. ஆனால் முன்மேசையில் பில் போடுகிறவருக்கு அது கிடைக்கவில்லை. டிஸ்க் நன்றாக இருக்கிறது, கேபிள் செருகியபடியே இருக்கிறது, பச்சை விளக்குகூட மினுக்குகிறது. அந்தப் பெட்டிக்கு இல்லாமல் போனது ஒன்றுதான்: நெட்வொர்க்கில் தன் முகவரி என்ன என்பது அதற்குத் தெரியவில்லை.

லினக்ஸ், பிஎஸ்டி போன்ற யூனிக்ஸ் குடும்பத்து இயங்குதளங்கள் துவங்கும்போது இந்த முகவரியை எப்படி அமைத்துக்கொள்கின்றன என்பதைப் பற்றித்தான் இன்று பேச நினைக்கிறேன். நான் முன்வைக்கும் வாதம் இது: பிறருக்குச் சேவை செய்யும் ஒரு கணினி, தன் முகவரியைத் தன் டிஸ்கிலேயே, கண்ணால் படிக்கக்கூடிய ஒரு சிறு கோப்பில் எழுதி வைத்திருக்க வேண்டும். துவங்கும் நேரத்தில் அதை இன்னொருவரிடம் கேட்டு வாங்கக் கூடாது. இது பழமைவாதம் என்று சிலருக்குப் படலாம். அதற்கான காரணங்களைச் சொல்கிறேன்.

யூனிக்ஸ் கணினி எழும்போது ஒரு வரிசை இருக்கிறது. முதலில் இயங்குதளத்தின் உட்கருவான கெர்னல் எழுந்து, பெட்டிக்குள் என்னென்ன கார்டுகள் செருகியிருக்கின்றன என்று பார்க்கிறது. பிறகு ‘லூப்பேக்’ என்ற உள் இடைமுகம் வருகிறது, 127.0.0.1 என்ற முகவரியில் கணினி தன்னோடு தானே பேசிக்கொள்ளும் வழி அது. அடுத்ததாக உண்மையான நெட்வொர்க் கார்டுக்கு முகவரி. அதன்பின் வெளியுலகத்துக்குப் போகும் வாசல், அதாவது ரௌட்டரின் முகவரி. அதற்கும் பின்னால்தான் டேட்டாபேஸ், பிரிண்டர், கோப்புப் பகிர்வு போன்ற சேவைகள் துவங்க வேண்டும். வீட்டில் உலை கொதிக்கும் முன் அரிசியைப் போட்டால் என்ன ஆகுமோ அதுதான் இங்கேயும். 192.168.1.10 என்ற முகவரியில்தான் உட்காருவேன் என்று அமைக்கப்பட்ட ஒரு டேட்டாபேஸ், அந்த முகவரி கார்டுக்கு வரும் முன்பே எழுந்துவிட்டால், உட்கார இடமில்லை என்று பிழைச்செய்தி எழுதிவிட்டு நின்றுவிடும். ஐந்து நொடி கழித்து முகவரி வந்தாலும், யாராவது மறுபடி துவக்கினால் ஒழிய அது பெரும்பாலும் எழாது.

1983-இல் பெர்க்லியிலிருந்து 4.2 பிஎஸ்டி வந்தபோது, ‘இஃப்கான்ஃபிக்’ என்ற கட்டளையும் அதோடு வந்தது. துவக்க நேரத்தில் ஒவ்வொரு கார்டுக்கும் முகவரியைச் சொல்வதுதான் அதன் வேலை. அந்தக் கட்டளையைத் துவக்கக் கோப்பில் ஒரு வரியாக எழுதி வைத்தால் போதும், கணினி துவங்கும்போதெல்லாம் அது தானாக ஓடும். அந்த மரபில் வந்த ஓப்பன்பிஎஸ்டியில் இன்றும் இந்த எளிமையைப் பார்க்கலாம். ‘ஈடிசி’ என்ற கோப்புறைக்குள், ‘ஹோஸ்ட்நேம்’ என்ற சொல்லோடு கார்டின் பெயரைச் சேர்த்து ஒரு கோப்பு. கார்டின் பெயர் இஎம்0 என்றால், கோப்பின் பெயர் ஹோஸ்ட்நேம்.இஎம்0. அதற்குள் இருப்பது ஒரே வரி: இனெட், 192.168.1.10, 255.255.255.0. இது இணைய முகவரி, இதுதான் அந்த எண், இவ்வளவுதான் நம் தெருவின் நீளம் என்று அந்த வரி சொல்கிறது. ரௌட்டரின் முகவரி ‘மைகேட்’ என்ற பக்கத்துக் கோப்பில் ஒற்றை வரியாக இருக்கிறது. துவக்க நேரத்தில் ‘நெட்ஸ்டார்ட்’ என்ற ஸ்கிரிப்ட் இவற்றைப் படித்து நிறைவேற்றுகிறது. அந்த ஸ்கிரிப்ட் ஓடும் முன்பே தற்காலிகமாக ஒரு காவல் விதி, அதாவது ஃபயர்வால் விதி, போடப்பட்டுவிடுகிறது. அத்தியாவசியமானவை தவிர மற்றெல்லாம் அடைக்கப்பட்ட பிறகுதான் கார்டுக்கு முகவரி கிடைக்கிறது. கதவுக்குத் தாழ்ப்பாள் போட்டுவிட்டு வாசல் விளக்கை ஏற்றுகிற அந்த வரிசை எனக்கு மிகவும் பிடிக்கும்.

டெபியன் லினக்ஸிலும் இதே எண்ணம் வேறு உருவில் இருக்கிறது. ‘இன்டர்ஃபேசஸ்’ என்ற ஒரு கோப்பில் எல்லாக் கார்டுகளும் எழுதப்படுகின்றன. ‘ஆட்டோ’ என்ற ஒரு சொல்லைக் கார்டின் பெயருக்கு முன் எழுதினால், துவங்கும்போதே அதை எழுப்பு என்று பொருள். சென்னை சி-டாக் 2007-இல் வெளியிட்ட பாஸ் லினக்ஸ் டெபியனை அடிப்படையாகக் கொண்டது என்பதால், இந்தக் கோப்பு நம் ஊர் இயங்குதளத்துக்கும் அந்நியமானதல்ல.

இப்போது எதிர்வாதத்துக்கு வருவோம். இதையெல்லாம் ஏன் கையால் எழுத வேண்டும், டிஹெச்சிபி இருக்கிறதே என்பார்கள். நியாயமான கேள்விதான். டிஹெச்சிபி என்றால், கணினி எழுந்ததும் தெரு முழுக்கக் கேட்கும்படி “எனக்கு ஒரு முகவரி கொடுப்பவர் யாராவது இருக்கிறீர்களா” என்று கூவுகிறது. ரௌட்டர் ஒரு முகவரியை நீட்டுகிறது. கணினி அதையே கேட்கிறது. ரௌட்டர் சரி என்கிறது. நான்கே செய்திகள். செல்போனுக்கும் லேப்டாப்புக்கும் இதைவிடச் சிறந்த ஏற்பாடு இல்லை என்பதை முழு மனதோடு ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இந்த வழக்கம் எதற்காகப் பிறந்தது என்று பாருங்கள். 1984-இல் ரார்ப், 1985-இல் பூட்பி என்ற நெறிமுறைகள் வந்தன. டிஸ்க்கே இல்லாத கணினிகள், தங்கள் முகவரியை எழுதி வைக்க இடமில்லாததால், எழுந்ததும் “நான் யார்” என்று மற்றவரைக் கேட்க வேண்டியிருந்தது. அவற்றுக்காகத்தான் அந்த ஏற்பாடு. பூட்பியின் வழித்தோன்றலாக 1993-இல் டிஹெச்சிபி வந்தது. 1997-இல் திருத்தப்பட்ட வடிவம்தான் இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. எழுதிவைக்க இடமில்லாதவர்களும் ஊர் ஊராகப் போகிறவர்களும் கேட்டு வாங்குவது சரி. ஒரே மேசைக்கடியில் பல வருடம் கிடக்கிற, டிஸ்கில் இடம் கொட்டிக் கிடக்கிற பெட்டி ஏன் தினமும் கேட்க வேண்டும்?

கேட்பதில் இருக்கும் இடர் லிங்கராஜபுரத்தில்தான் நன்றாகப் புரியும். கரண்ட் வந்ததும் எல்லாம் ஒரே நொடியில் எழுவதில்லை. எஸ்எஸ்டி போட்ட லினக்ஸ் பெட்டி அரை நிமிடத்துக்குள் தயார். சுவரில் மாட்டிய ஃபைபர் பெட்டியும் ரௌட்டரும் பெரும்பாலும் அதைவிட மெதுவாகத்தான் தயாராகும். இதற்கிடையில் நம் பெட்டி கூவிக்கொண்டே இருக்கிறது. நெறிமுறையின்படி முதல் கூவலுக்குப் பிறகு 4 நொடி பொறுக்க வேண்டும், அடுத்து 8, பிறகு 16, 32, 64 என்று இடைவெளி இரட்டிப்பாகிறது. நெட்வொர்க்கில் நெரிசல் ஆகக் கூடாது என்பதற்காக அப்படி வைத்திருக்கிறார்கள், நல்ல நோக்கம்தான். ஆனால் ரௌட்டர் தயாராகும் நேரத்தில் நம் பெட்டி நீண்ட மௌனத்தில் இருக்கலாம். பதில் வராமல் சலித்துப்போன சில மென்பொருள்கள் 169.254 என்று தொடங்கும் ஒரு முகவரியைத் தாங்களே சூட்டிக்கொள்கின்றன. ஒருவருக்கும் தெரியாத பெயரைச் சூட்டிக்கொண்டு தெருவில் நிற்கும் நிலை அது. பக்கத்து மேசை தேடும் முகவரி அதுவல்ல.

சரி, ரௌட்டரிலேயே “இந்தப் பெட்டிக்கு எப்போதும் இந்த முகவரி” என்று ஒதுக்கி வைக்கலாமே என்று கேட்பவர்கள் உண்டு. செய்யலாம். ஆனால் அந்த ஒதுக்கீடு ரௌட்டருக்குள்தான் இருக்கிறது. மின்னலில் ரௌட்டர் கருகிப்போய், இணைய நிறுவனத்தின் ஆள் புதியதை மாட்டிவிட்டுப் போனால், ஒதுக்கீடும் பழைய ரௌட்டரோடு போய்விடுகிறது. நம் பெட்டி யார் என்ற அறிவை, நமக்குச் சொந்தமில்லாத ஒரு பெட்டிக்குள் ஏன் வைக்க வேண்டும்? இதில் எச்சரிக்கை ஒன்றும் உண்டு. நிலையான முகவரியை எழுதும்போது, ரௌட்டர் மற்றவர்களுக்கு வழங்கும் எண் வரம்புக்கு வெளியே அது இருக்க வேண்டும். ரௌட்டர் 100 முதல் 200 வரை வழங்கினால், நாம் 10-ஐ எடுத்துக்கொள்ளலாம். இல்லாவிட்டால் ஒரே கதவு எண்ணில் இரண்டு வீடு என்ற கதையாகி, இருவருக்குமே தபால் சரியாகப் போகாது.

இனி பெயர் விஷயம். இது கொஞ்சம் நுணுக்கமானது, ஆனால் பெங்களூர்க்காரர்களுக்கு எளிதில் பிடிபடும். பழைய லினக்ஸில் கார்டுகளுக்கு ஈத்0, ஈத்1 என்று பெயர். இது ரேஷன் கடை வரிசை மாதிரி. கெர்னல் முதலில் கண்டது 0, அடுத்தது 1. இரண்டு கார்டு இருக்கும் பெட்டியில், இன்று முதலில் எழுந்த கார்டு நாளை இரண்டாவதாக எழலாம். வெளி இணையத்துக்கான முகவரி உள் கார்டுக்குப் போய், காவல் விதிகளும் இடம் மாறிவிடும் ஆபத்து அதில் இருந்தது. 2013 ஜனவரியில், லினக்ஸின் துவக்கத்தை நடத்தும் சிஸ்டம்டி என்ற மென்பொருளின் 197-ஆம் பதிப்பு இதற்கு மாற்று வழி சொன்னது: கார்டு எங்கே செருகியிருக்கிறதோ அந்த இடத்தைக் கொண்டே பெயர். இஎன்பி3எஸ்0 என்ற பெயரைப் பாருங்கள். ‘இஎன்’ என்பது ஈதர்நெட். ‘பி3’ என்பது மூன்றாம் பாதை. ‘எஸ்0’ என்பது அதில் பூஜ்யமாம் செருகிடம். நம் ஊரில் மூன்றாவது மெயின், இரண்டாவது கிராஸ் என்று சொல்கிறோமே, அதே முறை. வாய்க்கு வராத பெயர் என்று பலர் குறைப்பட்டார்கள். பெயர் நீளம் என்பது பெரிய குறையல்ல. உண்மையான குறை வேறு: புதிதாக ஒரு கிராஃபிக்ஸ் கார்டைச் செருகினால், சில மதர்போர்டுகளில் பாதைகளின் எண்ணே மாறிவிடும், மூன்றாவது மெயின் நான்காவது மெயின் ஆகிவிடும். அப்போது பழைய பெயருக்கு எழுதிய கோப்பைத் தேடி வருபவர் எவரும் இருக்க மாட்டார்கள்.

அதனால் சிலர் கார்டிலேயே பொறித்திருக்கும் மேக் முகவரியைக் கொண்டு அடையாளம் காணச் சொல்கிறார்கள். இரண்டு கார்டு உள்ள பெட்டிக்கு அதுவே நல்லது என்று நானும் கருதுகிறேன். ஆனால் கார்டு எரிந்துபோய் வேறு கார்டு போட்டால் அந்த எண்ணும் மாறும் என்பதைக் கோப்பிலேயே ஒரு குறிப்பாக எழுதி வைக்க வேண்டும். வருகிற சர்வீஸ் தம்பி அந்தக் குறிப்பைப் படித்துத் திருத்திக்கொள்வார். எழுத்துக் கோப்பின் அருமை இதில்தான் இருக்கிறது: பிழை இருந்தாலும் அது கண்ணுக்குத் தெரியும் பிழை.

இன்னொரு தரப்பு, நெட்வொர்க் மேனேஜர் போன்ற புதிய கருவிகளே எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளும் என்கிறது. வைஃபை மாறி மாறிப் போகும் லேப்டாப்புக்கு அது இல்லாமல் முடியாது. மேசைக்கடிப் பெட்டியிலும் அதைப் பயன்படுத்தலாம், ஒரு விஷயத்தைக் கவனித்தால். வைஃபை கடவுச்சொல்லை ஒரு பயனரின் சொந்தச் சாவிக்கொத்தில் சேமித்தால், அந்தப் பயனர் உள்நுழையும் வரை இணைப்பு எழாது. மானிட்டரே இல்லாத பெட்டியில் யார் உள்நுழைவது? இணைப்பை எல்லாப் பயனருக்கும் பொதுவானதாகச் சேமித்தால் பிரச்சினை தீர்ந்தது. அதேபோல் சிஸ்டம்டி நெட்வொர்க்டி என்ற கருவி, நாம் நிலையான முகவரி எழுதியிருந்தாலும், கேபிளின் மறுமுனையில் சிக்னல் வரும் வரை அதைக் கார்டுக்குக் கொடுக்காது. பழைய இஃப்கான்ஃபிக் இப்படிக் காத்திருந்ததில்லை. சிக்னல் இல்லாமலும் முகவரி கொடு என்று சொல்ல நெட்வொர்க்டியின் கோப்பில் ஒரு வரி எழுதலாம். கரண்ட் போய்வரும் இடத்தில் அந்த ஒரு வரி மதிப்புள்ளது.

காத்திருத்தல் பற்றியும் சொல்ல வேண்டும். நெட்வொர்க் முழுமையாக வரும் வரை மற்ற சேவைகளை நிறுத்தி வைக்கும் ஏற்பாடு சிஸ்டம்டியில் உண்டு. இயல்பாக 120 நொடி வரை அது பொறுக்கும். டெபியனின் பழைய முறையில் ஐந்து நிமிடம் வரை திரை அப்படியே நிற்கலாம். அவசரத்தில் இதைப் பார்ப்பவர் பெட்டி கெட்டுவிட்டது என்று பட்டனை அழுத்தி அணைத்துவிடுகிறார். டிஸ்க் எழுதிக்கொண்டிருந்த நேரமாக இருந்தால் அங்கேதான் உண்மையான சேதம். வெளி இணையம் வேண்டிய சேவைக்கு மட்டும் அந்தக் காத்திருத்தலை வையுங்கள். உள் அலுவலகத்துக்கு பில் கொடுக்கும் சேவைக்குக் கார்டில் முகவரி இருந்தால் போதும்.

இன்றைக்கு எல்லாமே கிளவுடில் இருக்கும்போது இந்தப் பேச்சு எதற்கு என்று கேட்கலாம். கிளவுட் என்பதும் எங்கோ ஒரு கட்டடத்தில் இருக்கும் கணினிதான். அதுவும் எழும்போது தன் முகவரியை அறிந்தாக வேண்டும். அதோடு, கரண்ட் வந்து ஃபைபர் வராத நேரங்களும் உண்டு. அந்த நேரத்தில் கிளினிக்கில் வரிசையாக உட்கார்ந்திருக்கும் நோயாளிகளின் பதிவுகள் அந்த அறையின் சுவருக்குள்ளேயே கிடைத்தால் டாக்டர் வேலையைத் தொடரலாம்.

இதைச் சோதிக்க ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை போதும். ரௌட்டரை நம்பாமல், ஐந்து துளை உள்ள சாதாரண ஸ்விட்ச் ஒன்றில் பெட்டியையும் முன்மேசைக் கணினியையும் பிரிண்டரையும் இணையுங்கள். கரண்ட் வந்த சில நொடிகளில் அந்த ஸ்விட்ச் தயாராகிவிடும். பெட்டி, முன்மேசைக் கணினி, பிரிண்டர் மூன்றுக்கும் நிலையான முகவரி எழுதுங்கள். எல்லாவற்றையும் முறைப்படி ஷட்டௌன் செய்து, மெயின் ஸ்விட்சையும் அணையுங்கள். ரௌட்டரின் பிளக்கைக் கழற்றி வைத்துவிட்டு மெயினைப் போடுங்கள். ஒரு நிமிடம் பொறுத்து, முன்மேசையிலிருந்து பழைய பில் ஒன்றைத் திறந்து பிரிண்ட் கொடுத்துப் பாருங்கள். தாள் வரவில்லையானால், திருத்த வேண்டிய வரி எந்தக் கோப்பில் இருக்கிறது என்பது இப்போது உங்களுக்குத் தெரியும்.