கிராம்புத் தைலமும் பல்வலியும்

விடிந்தால் பால்மரம் சீவப் போக வேண்டும். நள்ளிரவில் வீட்டுக்காரருக்குப் பல்வலி. பஞ்சில் ஒரு சொட்டுக் கிராம்புத் தைலம் நனைத்துச் சொத்தையில் வைக்கிறீர்கள். வலி அடங்குகிறது. தைலத்திலுள்ள யூஜெனால் என்ற பொருள் அந்த இடத்தை மரத்துப்போகச் செய்கிறது. பட்ட இடத்துக் கிருமிகளையும் கொல்கிறது. ஆனால், பல்லின் வேரடியில் கட்டிய சீழை அது எட்டாது.

வலி நின்றது, நோய் நிற்கவில்லை. கன்னம் வீங்கினால், காய்ச்சல் கண்டால், ஒரு நாள் கூலி போகுமே என்று பாராமல் அன்றே மருத்துவரிடம் அனுப்புங்கள். விழுங்கவோ மூச்சுவிடவோ சிரமப்பட்டால் உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள்.

இன்னொன்று: சின்னப் பிள்ளைகளுக்கு இந்தத் தைலம் வேண்டாம். ஒரு தேக்கரண்டி குடித்தாலே உயிருக்கு ஆபத்து. புட்டியை எட்டாத உயரத்தில் வையுங்கள்.