சான்றிதழ் சொன்னதும் சொல்லாததும்

(நமது சங்கத்தின் மாதக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



நம் குடியிருப்பில் மூன்று குடும்பங்கள் செகண்ட் ஹேண்ட் கார் தேடிக்கொண்டிருக்கின்றன, போன வருடம் உங்களுக்கு நடந்ததை வந்து சொல்லுங்கள் என்று செயலாளர் கேட்டார். நான் மெக்கானிக் இல்லை. பி.காம். படித்துவிட்டு 34 வருடம் வங்கியில் கிளார்க்காக இருந்தவன். பானெட்டைத் திறக்கக்கூட மகன்தான் சொல்லிக் கொடுத்தான். என்னைப் போன்றவர்கள்தான் இந்த விஷயத்தில் ஏமாறுகிறோம் என்பதால் பேச ஒப்புக்கொண்டேன்.

என் மனைவிக்கு இரண்டு முழங்காலும் தேய்மானம். ஆட்டோவில் ஏறி இறங்குவதே பெரும்பாடு. அதனால் ஒரு ஃபிக்ஸட் டெபாசிட்டை முதிர்வுக்கு முன்பே உடைத்தேன். அது எவ்வளவு வலி என்று வங்கிக்காரர்களுக்குத் தெரியும். தெரிந்தவர், தெரியாதவர் என்று யாரிடமும் போகாமல், பெரிய ஷோரூம் வைத்திருக்கும் டீலரிடமே போனேன். ஏழு வருடம் ஓடிய பெட்ரோல் கார், ஒரே உரிமையாளர், 46,310 கிலோமீட்டர், விலை ரூ.4,35,000. கூடவே ஒரு சான்றிதழ். நூற்றுக்கும் மேற்பட்ட அம்சங்களில் சோதித்தது, ஒவ்வொன்றுக்கும் எதிரே பச்சை டிக். இன்ஜினுக்கும் கியர்பாக்ஸுக்கும் ஆறு மாத வாரண்டி. வங்கியில் ஒரு வவுச்சருக்கு இரண்டு கையெழுத்து இல்லாமல் பணம் கொடுக்காத நான், அந்தத் தாளை நம்பி, "வாகனத்தைப் பார்த்துத் திருப்தி அடைந்தேன்" என்ற இடத்தில் கையெழுத்துப் போட்டேன்.

ஒன்றைக் கவனியுங்கள். நாங்கள் போவதற்கு முன்பே வண்டியை ஸ்டார்ட் செய்து, ஏ.சி. போட்டு, ஜில்லென்று வைத்திருந்தார்கள். வயதானவர்கள் வருகிறார்கள் என்ற மரியாதை என்று நினைத்துக்கொண்டேன். மூன்று கிலோமீட்டர் ஓட்டிப் பார்த்தோம். வெண்ணெய் மாதிரி போனது. இன்ஜின் ஏற்கெனவே சூடாக இருந்தது ஏன் முக்கியம் என்று பிறகு சொல்கிறேன்.

பிப்ரவரி நடுவில் வண்டி வீட்டுக்கு வந்தது. பத்துப் பன்னிரண்டு நாள் கழித்து, ஒரு காலையில் ஸ்டார்ட் செய்தபோது இன்ஜின் சில நொடிகள் உதறியது. பின்னால் வெள்ளைப் புகை. பிறகு சரியாகிவிட்டது. மகன் போனில் சொல்ல, கூலன்ட் டப்பாவைப் பார்த்தேன். குறைந்தபட்சக் கோட்டுக்குக் கீழே இருந்தது. வாங்கி ஊற்றினேன். ஊற்றியதை டைரியில் எழுதினேன். வங்கிப் பழக்கம் போகாது அல்லவா? தேதி, கிலோமீட்டர், எத்தனை மில்லி:

பிப்ரவரி 24, 46,540 கி.மீ., 300 மில்லி.
மார்ச் 9, 46,790 கி.மீ., 300 மில்லி.
மார்ச் 21, 47,020 கி.மீ., 400 மில்லி.

மார்ச் 9 அன்று டீலருக்குப் போன் செய்தேன். "வெயில் சார், ஆவியாகும்" என்றார்கள். கூலன்ட் ஓடுவது மூடிய சுற்று. கீழே சொட்டுக்கூட இல்லாமல் இரண்டு வாரத்துக்கு ஒரு முறை 300 மில்லி காணாமல் போகிறது என்றால், அது இன்ஜினுக்கு உள்ளே எங்கோ போகிறது என்று அர்த்தம். அப்போது எனக்கு அது தெரியவில்லை. 21-ஆம் தேதி நேரிலேயே கொண்டு போனேன். அவர்களே ஊற்றி, "கூலன்ட் டாப்-அப், வேறு குறை இல்லை" என்று ஜாப் கார்டு கொடுத்தார்கள். அந்தத் தாளைப் பத்திரமாக ஃபைல் செய்தேன்.

ஏப்ரலில் விழுப்புரத்தில் உறவினர் வீட்டு விசேஷம். திரும்பி வரும்போது அச்சிறுபாக்கம் தாண்டியதும் ஏ.சி.யில் சூடான காற்று வந்தது. அடுத்த நிமிடம் சிவப்பு விளக்கு. என் வண்டியில் வெப்பத்தைக் காட்டும் முள் கிடையாது, விளக்கு மட்டும்தான். அது எரியும்போது ஏற்கெனவே தாமதம். ஓரம் கட்டி இன்ஜினை அணைத்தேன். பானெட்டிலிருந்து ஆவி. மத்தியான வெயில், மனைவி, ஆறு வயதுப் பேத்தி, கையில் இருந்தது அரை பாட்டில் தண்ணீர். ரேடியேட்டர் மூடியைத் திறக்கப் போனேன். பக்கத்தில் நிறுத்திய லாரி டிரைவர் ஒருவர் ஓடி வந்து கையைப் பிடித்தார். "ஐயா, தொடாதீங்க, மூஞ்சி வெந்துடும்." அந்த மனிதரின் பெயரைக்கூட நான் கேட்கவில்லை. இன்றும் வருத்தம்.

தேசிய நெடுஞ்சாலை உதவி எண் 1033-க்கு அழைத்தோம். ரோந்து வண்டி வந்து பாதுகாப்பான இடத்தில் சேர்த்தது. அங்கிருந்து வீட்டுக்குத் தனியார் இழுவை வண்டி, ரூ.4,500. மனைவி வழியெல்லாம் பேசவில்லை. வீட்டுக்கு வந்ததும், "ஆட்டோவே நல்லா இருந்துச்சுங்க" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

மறுநாள் டீலரிடம் பேசினேன். வாரண்டியில் 14-வது பத்தியைப் பாருங்கள் சார் என்றார்கள். "அதிக வெப்பத்தில் ஓட்டியதால் ஏற்படும் சேதம் இதில் அடங்காது." நான் சூடாக ஓட்டினேன், அதனால் கெட்டது, அதனால் வாரண்டி இல்லை. கேட்க நியாயமாகத்தான் இருந்தது.

அதன் பிறகுதான் டீலருக்குச் சம்பந்தமில்லாத ஒரு மெக்கானிக்கிடம் போனேன். அவர் ராத்திரி முழுவதும் வண்டியை ஆற வைத்து, காலையில் ரேடியேட்டர் மூடியைக் கழற்றிவிட்டு ஸ்டார்ட் செய்தார். தண்ணீரில் குமிழி குமிழியாக வந்தது. பிறகு ஒரு கண்ணாடிக் குழாயில் நீல நிறத் திரவத்தை ஊற்றி, ரேடியேட்டர் வாயில் வைத்து, அங்கிருந்து வரும் காற்றை அதற்குள் இழுத்தார். நீலம் மஞ்சளாக மாறியது. பெட்ரோல் எரிந்த புகை கூலன்ட்டுக்குள் வருகிறது என்பதற்கு அதுதான் சாட்சி. ஹெட் காஸ்கெட் போய்விட்டது.

ஹெட் காஸ்கெட் என்பது இன்ஜினின் மேல்பாகத்துக்கும் அடிப்பாகத்துக்கும் நடுவில் இருக்கும் மெல்லிய தகடு. எரிபொருள் எரியும் இடம், கூலன்ட் ஓடும் வழி, ஆயில் ஓடும் வழி, இந்த மூன்றையும் ஒன்றோடொன்று கலக்காமல் பிரித்து வைப்பது அதன் வேலை. அதில் சின்னக் கசிவு இருந்தால், வண்டி நின்றிருக்கும்போது கூலன்ட் மெல்ல சிலிண்டருக்குள் இறங்கும். காலையில் முதல் ஸ்டார்ட்டில் உதறலும் வெள்ளைப் புகையும் அதனால்தான். இன்ஜின் சூடானதும் அந்த அடையாளங்கள் மறைந்துவிடும். முன்பே ஸ்டார்ட் செய்து வைத்த வண்டியில் நான் என்னத்தைக் கண்டுபிடித்திருக்க முடியும்?

கூலன்ட்டை வடித்தபோது அடியில் பழுப்பு நிறத்தில் மணல் மாதிரி ஏதோ வந்தது. கசிவை அடைக்கப் போடும் பவுடர் சார் என்றார் மெக்கானிக். எனக்கு முன்னால் யாருக்கோ இது தெரிந்திருக்கிறது.

வீட்டுக்கு வந்து அந்தச் சான்றிதழை மறுபடி படித்தேன். கூலன்ட் அளவு: சரி. வெளிக் கசிவு: இல்லை. இன்ஜின் சத்தம்: சரி. ஒன்றுகூடப் பொய் இல்லை! சோதித்த அன்று கூலன்ட் அளவு சரியாகத்தான் இருந்திருக்கும், ஊற்றி வைத்திருப்பார்கள். நண்பர்களே, ஒருவர் வங்கிக்கு வந்து இன்று என் கணக்கில் இவ்வளவு பேலன்ஸ் இருக்கிறது, கடன் கொடுங்கள் என்றால் கொடுப்போமா? ஆறு மாத ஸ்டேட்மென்ட் கேட்போம். மார்ச் 31 அன்று மட்டும் அழகாகத் தெரியும்படி கணக்கைச் ஜோடிப்பதற்கு பி.காம். பாடத்தில் விண்டோ டிரெஸ்ஸிங் என்று பெயர். நான் அதைப் படித்துப் பரீட்சையும் எழுதியவன். சான்றிதழ் என்பது ஒரு நாள் பேலன்ஸ். சர்வீஸ் ரெக்கார்டுதான் ஸ்டேட்மென்ட். அதை நான் கேட்கவே இல்லை.

பிறகு கேட்டேன். உரிமையாளர் என்ற முறையில், அந்தக் கம்பெனியின் சர்வீஸ் சென்டரில் ஆர்.சி.யைக் காட்டி பழைய பட்டியலை வாங்கினேன். எனக்கு விற்பதற்கு முந்தைய எட்டு மாதத்தில் இரண்டு முறை கூலன்ட் டாப்-அப், ஒரு முறை ரேடியேட்டர் ஃபேன் மோட்டார் மாற்றம். எல்லாம் அச்சில் இருந்தது.

இப்போது சொல்லக் கூச்சமாக இருக்கும் ஒரு விஷயம். அந்த வாரம் டீலர் கடை ஊழியர் ஒருவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "வெளியில யாருக்காவது தள்ளி விட்டுடுங்க சார். சர்டிஃபிகேட்ல இன்னும் நாலு மாசம் இருக்கு" என்றார். அதே நேரம் நம் குடியிருப்பைச் சேர்ந்த ஒரு நண்பர், அவருடைய மகள் புதிதாக ஓட்டப் பழகியிருக்கிறாள் என்று என் காரைக் கேட்டார். நடந்தது அவருக்குத் தெரியாது. பவுடரை மறுபடி போட்டால் இரண்டு மாதம் ஓடும். பச்சை டிக் போட்ட தாள் என் கையில் இருக்கிறது. பழுதுபார்க்கும் செலவு ரூ.34,800 என்று மெக்கானிக் எழுதிக் கொடுத்ததும் என் சட்டைப்பையில் இருக்கிறது. இரண்டு ராத்திரி நான் தூங்கவில்லை. மூன்றாம் நாள் மனைவியிடம் சொன்னேன். "அந்தப் பொண்ணு தனியா போறப்ப அதே மாதிரி ரோட்டுல நின்னா?" என்று கேட்டாள். மறுநாள் நண்பரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் இங்கேதான் இருக்கிறார். அவருடைய சம்மதத்தோடுதான் இதைப் பேசுகிறேன்.

பிறகு டீலருக்குக் கடிதம் எழுதினேன். கல்லூரியில் படித்த சரக்கு விற்பனைச் சட்டம், 1930, பிரிவு 16 ஞாபகம் வந்தது. வாங்குபவர்தான் விழிப்பாக இருக்க வேண்டும் என்பது பொது விதி. ஆனால் அதே பொருளை விற்பதையே தொழிலாகக் கொண்டவரிடம், அவர் சொன்ன விவரத்தை வைத்து வாங்கினால், பொருள் விற்கத் தகுந்த தரத்தில் இருக்க வேண்டும். நாம் சோதித்துப் பார்த்து வாங்கியிருந்தால், அந்தச் சோதனையில் தெரிந்திருக்க வேண்டிய குறைக்கு மட்டும்தான் நாம் பொறுப்பு. மறைந்திருக்கும் குறைக்கு இல்லை. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019, தேவையான தகவலைத் தெரிந்தே மறைப்பதையும் சேவைக் குறைபாடு என்கிறது. இவற்றை எழுதி, டைரிப் பக்கத்தின் நகல், அவர்களே கொடுத்த ஜாப் கார்டு, சர்வீஸ் பட்டியல், மெக்கானிக்கின் அறிக்கை எல்லாம் இணைத்து ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்பினேன். சூடானதால் கூலன்ட் குறையவில்லை, கூலன்ட் குறைந்ததால்தான் சூடானது, அது உங்கள் ஜாப் கார்டிலேயே இருக்கிறது என்று ஒரு வரி. 15 நாள் கெடு.

பதினோராம் நாள் மேலாளரே அழைத்தார். பேச்சு வார்த்தைக்குப் பிறகு ரூ.25,000 கொடுத்தார்கள். மீதி ரூ.9,800-ம் இழுவைச் செலவும் என் கணக்கில். முழு வெற்றி என்று சொல்ல மாட்டேன். ஹெட்டை லேத்தில் கொடுத்து மட்டம் செய்து, புது காஸ்கெட் போட்டாயிற்று. வண்டி இன்றும் ஓடுகிறது, கூலன்ட் கோடு இறங்கவில்லை. டைரியை நிறுத்தவில்லை.

வாங்கப்போகும் நண்பர்களுக்குச் சுருக்கமாக:

1. காலையில் போங்கள், வண்டியைத் தொட வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லுங்கள். பானெட்டில் கை வைத்துப் பாருங்கள். சூடாக இருந்தால் இன்னொரு நாள் வருகிறேன் என்று திரும்பிவிடுங்கள்.

2. ஆறிய இன்ஜினில் கூலன்ட்டையும், ஆயில் மூடியின் அடிப்பக்கத்தையும் பாருங்கள். மூடியில் மோர் மாதிரி வெளுப்பாகப் படிந்திருந்தால் விசாரியுங்கள். முதல் ஸ்டார்ட்டின்போது ஒருவர் வண்டிக்குப் பின்னால் நின்று புகையைக் கவனிக்கட்டும்.

3. சர்வீஸ் ரெக்கார்டை முன்பணம் கொடுப்பதற்கு முன் கேளுங்கள். பச்சை டிக்கை எண்ணாதீர்கள்.

4. டீலருக்குச் சம்பந்தமில்லாத மெக்கானிக்கைக் கூலி கொடுத்து அழைத்துப் போங்கள். அனுமதிக்க மறுத்தால் அதுவே பதில்.

5. வாரண்டியில் எது அடங்கும் என்பதை விட எது அடங்காது என்பதை முதலில் படியுங்கள்.

6. ஆர்.சி. பெயர் மாற்றத்தைக் கையோடு முடியுங்கள். இன்சூரன்ஸை உங்கள் பெயருக்கு மாற்ற 14 நாளுக்குள் விண்ணப்பியுங்கள்.

7. குறை வந்தால் போனில் மட்டும் பேசாதீர்கள், எழுத்தில் கொடுங்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் மேலே போக வேண்டுமென்றால் நீங்கள் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் குறைதீர் ஆணையத்திலேயே புகார் செய்யலாம். கால வரம்பு இரண்டு வருடம். கொடுத்த விலை ரூ.5 லட்சம் வரை என்றால் கட்டணம் இல்லை. வக்கீல் கட்டாயமில்லை.

என் காரைக் கேட்ட நண்பர் இரண்டு மாதம் கழித்து வேறொரு கார் வாங்கினார். காலை ஆறரை மணிக்கு என்னையும் இழுத்துக்கொண்டு போனார். பானெட் ஜில்லென்று இருந்தது. புகைக்குழாய்க்குப் பின்னால் குந்தி உட்கார்ந்து பார்த்தவன் நான்தான். முழங்கால் பிடித்துக்கொண்டு எழுந்திருக்க முடியவில்லை, அந்தப் பெண்தான் கை கொடுத்துத் தூக்கிவிட்டாள்.

உங்களில் யாருக்காவது அப்படிக் குந்த ஆள் வேண்டுமென்றால் கூப்பிடுங்கள், வருகிறேன்.