தாமரை இலைத் தண்ணீர்



தாமரை இலைத் தண்ணீர் என்பது தமிழ்க் கவிஞர் கைக்கு எளிதில் வந்துவிடும் உவமை. பட்டும் படாமலும் வாழும் துறவியையும், உறவில் தோயாத நெஞ்சையும் அதனைக் கொண்டே சொல்லிப் பழகிவிட்டது தமிழ். அவ்வுவமையில் இலை வாளா கிடக்கிறது. நீர் தானே உருண்டோடுகிறது. அறிவியலார் கண்ட இலையோ வேறு.

ஜெர்மானியத் தாவரவியலறிஞர் வில்ஹெல்ம் பார்ட்லாட் 1970களில் பல்வேறு செடிகளின் இலைகளை மின்னணு நுண்ணோக்கியில் வைத்து ஆராய்ந்தார். வழவழப்பான இலைகளை ஒவ்வொரு முறையும் கழுவ வேண்டியிருந்தது. நுண்ணோக்கியில் கரடுமுரடாகத் தெரிந்த இலைகளோ கழுவாமலே தூயனவாக இருந்தன. வழவழப்பான பரப்பே தூய்மையாக இருக்கும் என்னும் பழைய எண்ணம் அங்கே தலைகீழாயிற்று. பெரியதொரு கண்டுபிடிப்புக்குக் கழுவும் வேலையே வழிகாட்டியது என்பது சுவையான செய்தி. 1997இல் கிறிஸ்டோஃப் நைன்ஹூஸ் என்பாருடன் அவர் வெளியிட்ட கட்டுரையில் தாமரைக்கே முதலிடம்.

தாமரை இலையின் மேற்பரப்பு நுண்ணோக்கியில் குன்றுகள் நெருங்கிய நிலமாகத் தோன்றுகிறது. ஒரு குன்றின் உயரம் மில்லிமீட்டரில் ஏறத்தாழ நூறில் ஒரு பங்கு. அதன்மேல் அதனினும் நுண்ணிய மெழுகுக் குழல்கள். நீர்த்துளி இவற்றின் உச்சியை மட்டுமே தொடுகிறது. அடியில் நிற்பது காற்று. பரவ இடமின்றித் துளி உருண்டையாகிறது. இலை சற்றே சாய்ந்தால் ஓடுகிறது. தூசியும் குன்றுகளின் உச்சியில்தான் தங்கியிருப்பதால், இலையை விட்டு நீரோடு போய்விடுகிறது.

இலைக்கு இத்தனை ஏற்பாடு எதற்கு? பெரும்பாலான மரஞ்செடிகளின் இலைத்துளைகள் அடிப்புறத்தில் உள்ளன. நீர்மேல் விரியும் தாமரை இலைக்கோ அவை மேற்புறத்தில் அமைந்துள்ளன. மழைநீர் அங்கே படலமாகத் தங்கினால் மூச்சு முட்டும். பூஞ்சையின் வித்துகளும் வேரூன்றும். ஆகவே ஒட்டாமை துறவன்று, உயிர்ப்பைக் காக்கும் வேலை. இதனை அறிந்த கவிஞர் கையில் பழைய உவமை புதிய திசையில் திரும்பக்கூடும்.

இவ்வமைப்பைப் பின்பற்றிய சுவர்ப்பூச்சு 1999இல் விற்பனைக்கு வந்தது. ஆயினும் மனிதர் செய்த பரப்பு உராய்ந்தால் தேய்கிறது. உயிருள்ள இலையோ இழந்த மெழுகை மீண்டும் சுரந்துகொள்கிறது. இவ்விடைவெளி இன்னும் முழுதும் நிரம்பவில்லை. நீரொட்டாத துணிகளுக்கு நெடுங்காலம் பயன்பட்ட ஃபுளூரின் சேர்மங்கள் மண்ணிலும் நீரிலும் அழியாமல் தங்குவதால், அவையின்றி அதே பயனைப் பெறும் வழிகள் தேடப்படுகின்றன.

தாமரையோடு தேடல் நிற்கவில்லை. பிரேசிலிலிருந்து பரவிக் கேரள வயல்களையும் நீர்நிலைகளையும் மூடி உழவரை வாட்டிய சால்வீனியா என்னும் மிதக்கும் பெரணியையும் பார்ட்லாட் குழுவினர் ஆராய்ந்து 2010இல் எழுதினர். அதன் இலைமயிர்கள் முழுவதும் நீரை விலக்குகின்றன. நுனிகள் மட்டும் நீரைப் பற்றிக்கொள்கின்றன. அப்பிடியினால் நீரினுள் அமிழ்த்தினாலும் இலையைச் சூழ்ந்த காற்றுப்படலம் எளிதில் கலைவதில்லை. கப்பலின் அடிப்பகுதியை இவ்வாறு காற்றால் போர்த்த முடிந்தால் உராய்வு குறையும், எரிபொருள் மிஞ்சும். அலையிலும் அழுத்தத்திலும் அப்போர்வையைக் கலையாமல் நிறுத்துவதே கடினமான பணி.